1,76,63,19,049: ஓர் எண்ணும் அது கடந்து வந்த வழியும்

60, 61, 62 ஆகியவை அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள். இவற்றுள் ஒன்றை எடுத்து, சுழியம் அல்லாத ஏதேனும் ஒரு முழு எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அத்துடன் 1 சேர்த்தால், வரும் தொகையும் ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும் என்று கொள்வோம். 60க்கு விடை காண்பது எளிது. 4இன் வர்க்கமான 16ஆல் பெருக்கினால் 960. 1 சேர்த்தால் 961. அது 31இன் வர்க்கம். 62க்கும் அப்படியே. 8இன் வர்க்கமான 64ஆல் பெருக்கினால் 3,968. 1 சேர்த்தால் 3,969. அது 63இன் வர்க்கம். இரண்டுக்கும் இடையில் நிற்கும் 61 மட்டும் எளிதில் பிடி கொடுப்பதில்லை. அதற்குரிய மிகச் சிறிய விடை 22,61,53,980. அந்த எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி 1 சேர்க்கும்போதுதான் முதன்முறையாக ஒரு முழு வர்க்கம் கிடைக்கிறது. அது 1,76,63,19,049 என்ற எண்ணின் வர்க்கம்.

இந்த விடையை ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக் கண்டுபிடிக்க ஒருவர் முனைந்தால், நிமிடத்துக்கு ஒரு சோதனை வீதம் இரவு பகல் ஓயாமல் செய்தாலும் ஏறத்தாழ 430 ஆண்டுகள் ஆகும். கி.பி. 1150இல் தொடங்கியவர் 1580 அளவில்தான் முடித்திருப்பார். ஆனால் 1150இல் பாஸ்கராச்சாரியர் தம் 'பீஜகணித'த்தில் இந்த எண்ணை விடையாகவே எழுதி வைத்திருக்கிறார். அவர் காட்டிய வழியில் சென்றால் ஒரு பக்கத்துக்குள் கணக்கு முடிந்துவிடும்.

இந்தச் செய்தி சமூக ஊடகங்களில் இரண்டு வடிவங்களில் உலவுகிறது. ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் கேட்ட கேள்விக்கு இந்தியர் முன்பே விடை கண்டுவிட்டனர், அவர்கள் இங்கிருந்துதான் எடுத்துச் சென்றனர் என்பது ஒன்று. இந்தியக் கணக்கர்கள் நிறுவல் எதுவும் தராமல் எண்களைத் திறமையாகக் கையாண்டார்கள், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. இரண்டும் எண்ணை மேற்கோள் காட்டுகின்றன. எண் கடந்து வந்த வழியைப் பார்ப்பதில்லை. அந்த வழியைப் பார்த்தால் இரண்டு கூற்றுகளும் அப்படியே நிற்க முடியாது.

முதலில் எண்ணின் இயல்பு. 1,76,63,19,049 என்பதற்கு முந்திய எண்ணை எடுத்துக்கொண்டால், அது 29,718 என்ற எண்ணின் வர்க்கத்தைப் போலச் சரியாக இரு மடங்கு. பிந்திய எண்ணை எடுத்துக்கொண்டால், அது 3,805 என்ற எண்ணின் வர்க்கத்தைப் போலச் சரியாக 122 மடங்கு, அதாவது 61இன் இரு மடங்கால் பெருக்கிய அளவு. இந்த இரு சிற்றெண்களுக்குள்ளும் ஓர் உறவு உண்டு: 3,805இன் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி 1 கழித்தால் 29,718இன் வர்க்கம் வரும். பெரிய விடை இந்தச் சிறிய விடைகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு பண்பு: 1,76,63,19,049ஐ 22,61,53,980ஆல் வகுத்தால் 61இன் வர்க்கமூலம் பதினேழு தசம இடங்கள் வரை பிழையின்றிக் கிடைக்கும்.

61க்கு ஏன் இத்தனை பெரிய விடை? 61இன் வர்க்கமூலத்தைத் தொடர் பின்னமாக விரித்தால், அதன் உறுப்புகள் பதினொன்றுக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. பதினொன்று ஒற்றை எண்ணாதலால் முதல் சுற்று முடியும்போது 1 கழிக்கும் விடையே கிடைக்கிறது. 1 சேர்க்கும் விடைக்கு இரண்டாவது சுற்றும் முடிய வேண்டும். 60, 62 ஆகியவற்றின் சுற்றுகள் மிகக் குறுகியவை. அடுத்தடுத்த எண்களுக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி என்பது எண் கோட்பாட்டில் இன்றும் ஆய்வுக்குரிய பொருள்.

இக்கணக்கு வகைக்கு வடமொழி நூல்களில் 'வர்க்கப்பிரகிருதி' என்று பெயர். பெருக்கும் எண்ணான 61 'பிரகிருதி'. வர்க்கமாக்கப்படும் இரு எண்களுள் சிறியது 'கனிஷ்டம்', பெரியது 'ஜ்யேஷ்டம்'. தமிழில் சொன்னால் இளையது, மூத்தது. சேர்க்கப்படும் எண் 'க்ஷேபம்'. இங்கு அதைச் சேர்ப்பெண் எனலாம். குடும்ப உறவிலிருந்து பெற்ற இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஒரு மூத்தது, ஓர் இளையது, ஒரு சேர்ப்பெண் ஆகிய மூன்றும் பிரியாத ஒரு குழுவாகவே அந்நூல்களில் இயங்குகின்றன. கணக்கின் ஒவ்வொரு படியிலும் ஒரு குழு மற்றொரு குழுவைப் பிறப்பிக்கிறது.

அந்தப் பிறப்பிக்கும் விதியைத் தந்தவர் பிரம்மகுப்தர். இன்றைய ராஜஸ்தானில் பின்மால் என வழங்கும் பில்லமாலத்தைச் சேர்ந்த அவர், 628இல் தம் முப்பதாம் வயதில் 'பிராம்மஸ்புடசித்தாந்த'த்தை இயற்றினார். இரண்டு குழுக்கள் கையில் இருந்தால் மூன்றாவதை உண்டாக்கும் வழியை அதில் கூறுகிறார். மூத்தவை இரண்டையும் பெருக்க வேண்டும். இளையவை இரண்டையும் பெருக்கி அதைப் பிரகிருதியாலும் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் புதிய மூத்தது. ஒன்றின் மூத்ததை மற்றொன்றின் இளையதால் குறுக்காகப் பெருக்கி, வரும் இரண்டையும் கூட்டினால் புதிய இளையது. சேர்ப்பெண்கள் இரண்டின் பெருக்கமே புதிய சேர்ப்பெண். ஒரு குழுவைத் தன்னோடு தானே இணைக்கவும் இந்த விதி இடம் தருகிறது.

இதன் பெயர் 'பாவனா'. தமிழில் இதே சொல் 'பாவனை'யாகி, நடிப்பு, தோரணை, மனத்தில் ஒன்றை உருவகித்தல் முதலிய பொருள்களில் வழங்குகிறது. வினையடியின் பொருளோ 'உண்டாகச் செய்தல்'. கணித நூலார் அந்த மூலப் பொருளிலேயே சொல்லை ஆண்டனர். பாவனையைக் கொண்டு பிரம்மகுப்தர் 92க்கு விடை காண்கிறார். 10இன் வர்க்கம், 92ஐ 1இன் வர்க்கத்தால் பெருக்கியதைவிட 8 மிகுதி. இந்தக் குழுவைத் தன்னோடு இணைத்தால் 192, 20, சேர்ப்பெண் 64. மூலங்களை 8ஆல் வகுத்தால் 24, இரண்டரை, சேர்ப்பெண் 1. பின்னத்தை நீக்க மீண்டும் ஒருமுறை தன்னோடு இணைத்தால் 1,151, 120. ஓராண்டுக்குள் இக்கணக்கைச் செய்பவர் கணக்கறிந்தவர் என்று அவர் கூறுகிறார். வழி தெரிந்தவருக்கு ஓராண்டு தேவையில்லை.

சேர்ப்பெண் 1, 2, 4 ஆகியவற்றுள் ஒன்றாக வந்துவிட்டால், அது கூட்டலாயினும் கழித்தலாயினும், அங்கிருந்து 1ஐ அடையப் பாவனை போதும். ஆனால் அத்தகைய சேர்ப்பெண்ணை எப்படி அடைவது? பிரம்மகுப்தரின் நூலில் அதற்குப் பொதுவழி இல்லை. நல்ல தொடக்கம் வாய்த்தால் கணக்கு முடியும். வாய்க்காவிட்டால் தேட வேண்டியதுதான். அந்த இடைவெளியை நிரப்பியது 'சக்கரவாளம்' என்னும் முறை.

61க்கு அது செயல்படும் விதத்தை எழுதிப் பார்க்கலாம். 61ஐ ஒட்டிய வர்க்கம் 64. எனவே 8, 1, சேர்ப்பெண் 3 என்பது தொடக்கக் குழு. அடுத்து ஒரு துணை எண்ணைத் தேர வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: மூத்ததாகிய 8உடன், இளையதாகிய 1ஐத் துணை எண்ணால் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை 3ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்; துணை எண்ணின் வர்க்கம் 61க்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும். 1, 4, 7, 10 முதலியவை முதல் நிபந்தனைக்குப் பொருந்துகின்றன. அவற்றுள் 7இன் வர்க்கமாகிய 49 மிக அருகில், 12 குறைவாக நிற்கிறது. 7ஐக் கொண்டு பாவனை செய்து 3ஆல் வகுத்தால் புதிய மூத்தது 39, இளையது 5, சேர்ப்பெண் கழித்தல் 4. சரிபார்க்கலாம்: 39இன் வர்க்கம் 1,521, 61ஐ 25ஆல் பெருக்கினால் 1,525.

ஒரே சுற்றில் 4 வந்துவிட்டது. இனிப் பிரம்மகுப்தர் வழி. மூலங்களைப் பாதியாக்கினால் சேர்ப்பெண் கழித்தல் 1 ஆகிறது; மூலங்கள் 39இன் பாதி, 5இன் பாதி. இக்குழுவைத் தன்னோடு இணைத்தால் 1,523இன் பாதி, 195இன் பாதி, சேர்ப்பெண் 1. அதனை மீண்டும் முதற்குழுவோடு இணைத்தால் பின்னம் மறைந்து 29,718, 3,805, சேர்ப்பெண் கழித்தல் 1. இதனைத் தன்னோடு இணைத்தால் 1,76,63,19,049, 22,61,53,980, சேர்ப்பெண் 1. பாஸ்கரரின் நூலில் உள்ள படிகள் இவையே. 430 ஆண்டு உழைப்பைச் சில வரிகளாகச் சுருக்கியது ஒரு தேர்வு விதி. எண்ணுவதில் உள்ள வேகம் அதற்குக் காரணமில்லை.

சக்கரவாளம் என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. மணிமேகலையில் புகார் நகரின் சுடுகாட்டை அடுத்த கோட்டம் சக்கரவாளக் கோட்டம் என்றே பெயர் பெறுகிறது. உலகைச் சுற்றி வளையமாக நிற்கும் மலை என்பது அச்சொல்லுக்குப் பௌத்த மரபில் உள்ள பொருள். கணிதத்தில் ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழு, அதிலிருந்து வேறொன்று எனக் கணக்குச் சுழன்று வருவதால் முறைக்கு அப்பெயர் பொருந்தியது.

பெயரிட்டவர் யார்? இங்கே ஒரு வினைச்சொல் சான்றாகிறது. பாஸ்கரர் இம்முறையைக் கூறி முடிக்கும்போது, இதனைச் சக்கரவாளம் என்று 'கூறினர்' என்ற பொருளில் எழுதுகிறார். வினை இறந்தகாலம், பன்மை, படர்க்கை. 'கூறுகிறேன்' என்று தன்மையில் அவர் சொல்லவில்லை. முறையும் பெயரும் தமக்கு முன்னோர் வழங்கியவை என்பதை அந்த விகுதியே தெரிவிக்கிறது. ஆயினும் அந்த முன்னோர் யார் என்பதற்கு நெடுங்காலம் விடை இல்லை. எனவே வரலாற்றாசிரியர்கள் சக்கரவாளத்தைப் பாஸ்கரர் பெயராலேயே குறித்து வந்தனர்.

1954இல் லக்னோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருபா சங்கர் சுக்லா அந்த முன்னோருள் ஒருவரை அடையாளம் காட்டினார். முதலாம் பாஸ்கரரின் 'லகுபாஸ்கரீய'த்துக்கு உதயதிவாகரர் 1073இல் எழுதிய 'சுந்தரி' என்ற உரையில், ஜெயதேவர் என்பவர் இயற்றிய இருபது செய்யுள்கள் மேற்கோளாக வருகின்றன. அவற்றில் சக்கரவாள முறை முழுமையாக விளக்கப்பட்டுள்ளது. ஜெயதேவர் 1073க்கு முந்தியவர் என்பது இதனால் உறுதி. அவர் எழுதிய நூல் கிடைக்கவில்லை. வேறொருவர் எழுதிய நூலுக்கு மூன்றாமவர் எழுதிய உரையில் இடம் பெற்றதனால்தான் அந்த இருபது செய்யுள்கள் பிழைத்தன. உதயதிவாகரர் அவற்றை முழுமையாக எடுத்தாளாமல் கருத்தை மட்டும் சுருக்கிச் சொல்லியிருந்தால், 'கூறினர்' என்ற வினைக்கு எழுவாய் இன்றுவரை கிடைத்திராது.

பாஸ்கரரின் நூல்கள் பிழைத்ததற்கும் காரணங்கள் உண்டு. இன்றைய மகாராஷ்டிரத்தில் சாலிஸ்காவை அடுத்த பாட்டண் என்ற இடத்தில் உள்ள 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவருடைய பேரர் சாங்கதேவர் தம் பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென ஒரு மடம் நிறுவியதையும், அதற்கு விடப்பட்ட கொடைகளையும் பதிவு செய்கிறது. கற்பிக்க ஆட்கள், அவர்களுக்கு உணவு, படிகளை எழுத வசதி ஆகியவை இருந்தால்தான் நூல் நிலைக்கும் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருந்தது. 1356இல் நாராயண பண்டிதர் 'கணிதகௌமுதி'யில் வர்க்கப்பிரகிருதியை மீண்டும் எடுத்து, வர்க்கமூலங்களின் நெருக்கமான மதிப்பைக் காண அதனைப் பயன்படுத்தினார். ஷாஜகான் காலத்தில், 1634–35 அளவில், அதாவுல்லா ருஷ்தி 'பீஜகணித'த்தைப் பாரசீகத்தில் ஆக்கினார்.

இனிக் காட்சி ஐரோப்பாவுக்கு மாறுகிறது. 1657 பிப்ரவரியில் பிரான்சின் பியர் தெ ஃபெர்மா, வர்க்கமல்லாத எந்த எண்ணை எடுத்தாலும், அதனை ஒரு வர்க்கத்தால் பெருக்கி 1 சேர்க்க வர்க்கமே வரும்படியான விடைகள் முடிவின்றி உண்டு என்பதை நிறுவுமாறு கணித அறிஞர்களுக்கு அறைகூவல் விடுத்தார். பொது நிறுவல் கடினமாயின், அதிகத் தொல்லை தராத இரண்டு எடுத்துக்காட்டுகளையாவது தீர்க்கலாம் என்று ஃப்ரெனிக்லுக்கு எழுதிய மடலில் அவர் குறும்பாகக் குறிப்பிட்ட எண்கள் 61, 109. ஐந்நூற்று ஏழு ஆண்டுகளுக்கு முன் பாஸ்கரர் எடுத்துக்கொண்ட அதே 61.

அறிவு களவு போயிற்று என்று சொல்பவர்கள் சான்றாகக் காட்டுவது இந்த ஒற்றுமையைத்தான். பாரசீக மொழிபெயர்ப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதும் அவர்களுக்கு உதவும் செய்திதான். ஆனால் 'பீஜகணித'மோ அதன் பாரசீக வடிவமோ ஃபெர்மாவின் கைக்குச் சென்றதைக் காட்டும் ஆவணம் எதுவும் முன்வைக்கப்பட்டதில்லை. ஒற்றுமைக்கு விளக்கம் எண்களுக்குள்ளேயே இருக்கிறது. 2 முதல் வரிசையாக ஒவ்வோர் எண்ணுக்கும் மிகச் சிறிய விடையைக் கண்டு பட்டியலிட்டால், நூறுக்கு உட்பட்டவற்றுள் மிகப் பெரிய விடையைத் தருவது 61. அதன் பின்னர் அந்த விடையை மிஞ்சும் முதல் எண் 109. அதன் மூத்தது 15,80,70,67,19,86,249. ஃபெர்மா கொடுத்த இரண்டு எண்களும் பட்டியலின் இரண்டு சிகரங்கள். கணக்கில் ஆழ இறங்கிய எவரும் பிறரைச் சோதிக்க 61ஐ எடுப்பார். இரண்டு ஊர்களிலிருந்து ஏறியவர்கள் ஒரே உச்சியில் நின்றால், ஒருவர் மற்றவரின் தடத்தைப் பின்பற்றினார் என்று கொள்ள வேண்டியதில்லை.

அதே காரணம் மறு தரப்புக்கும் பதிலாகிறது. சிகரங்களைத் தெரிந்து பொறுக்கியதால் ஃபெர்மாவிடம் பொதுமுறை இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அந்த அளவுகோலையே பாஸ்கரருக்கும் வைக்க வேண்டும். 'பீஜகணிதம்' 61ஐயும் 67ஐயும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. 67க்கு மூத்தது 48,842, இளையது 5,967. தற்செயலாக விழுந்த எண்களை வைத்துக் கணக்கமைக்கும் ஒருவரின் தேர்வாக இது தோன்றவில்லை.

இங்கிலாந்தின் பிரவுங்கர் பிரபுவும் ஜான் வாலிசும் முதலில் பின்னங்களில் விடை தந்தனர். முழு எண்களே வேண்டும் என்று ஃபெர்மா வலியுறுத்திய பிறகு பிரவுங்கர் ஒரு முறையைக் கண்டார். அதனை வாலிஸ் 1658இல் வெளியிட்டார். ஃபெர்மாவுக்கு அது முழு நிறைவு தரவில்லை. தனித்தனி எண்களுக்கு விடை வருகிறது, எந்த எண்ணுக்கும் தவறாமல் வரும் என்பது நிறுவப்படவில்லை என்பதே 1659இல் அவர் கூறிய குறை. தாம் இறங்குமுறையால் அதனை நிறுவியதாகவும் சொன்னார்; அந்த நிறுவலை எழுதி வைக்கவில்லை. பிறகு ஆய்லர், பிரவுங்கரின் முறையை ஜான் பெல் என்ற வேறோர் ஆங்கிலேயருடையதாகக் கருதி எழுதினார். அந்தப் பிழையிலிருந்தே இச்சமன்பாட்டுக்குப் 'பெல் சமன்பாடு' என்ற பெயர் ஏற்பட்டது. பிரம்மகுப்தர், ஜெயதேவர், பாஸ்கரர், பிரவுங்கர் ஆகிய நால்வர் உழைப்பின் மேலும் ஐந்தாமவர் ஒருவரின் பெயர் அமர்ந்துவிட்டது. எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்ற நிறுவலை 1768இல் லாக்ராஞ்சு எழுதினார்.

இந்தியப் பனுவல்கள் ஐரோப்பியப் பொதுப் படிப்புக்கு வந்தது அதற்கும் பின்னர். பாரசீக வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு எட்வர்ட் ஸ்ட்ராச்சி 1813இலும், வடமொழி மூலத்திலிருந்து ஹென்றி கோல்புரூக் 1817இலும் 'பீஜகணித'த்தை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். கோல்புரூக்கின் தொகுதியில் பிரம்மகுப்தரின் கணித இயல்களும் இருந்தன. 1874இல் வெளிவந்த தம் நூலில் ஜெர்மானியக் கணித வரலாற்றாசிரியர் ஹெர்மன் ஹாங்கல், லாக்ராஞ்சுக்கு முன் எண் கோட்பாட்டில் எட்டப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது சக்கரவாளமே என்று மதிப்பிட்டார். ஆனால் புகழ்ச்சி நிறுவலாகாது. சக்கரவாளம் எப்போதும் விடையில் முடியுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. பாஸ்கரரின் நூலில் அதற்கான நிறுவல் எழுதப்படவில்லை. அது லாக்ராஞ்சு முறையின் மாற்றுருவே என்ற கருத்தும் நிலவியது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் மைசூர் மகாராஜா கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஏ. ஏ. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் (1892–1953). இந்தியக் கணிதச் சங்க இதழின் 1929–30ஆம் ஆண்டுத் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரை, சக்கரவாளத்தை அதன் சொந்த விதிகளிலிருந்தே ஆராய்ந்தது. சுற்றுதோறும் வரும் சேர்ப்பெண்கள் ஒரு வரம்பைத் தாண்டுவதில்லை. வரம்புக்குள் அடங்கும் முழு எண்கள் எண்ணி முடிக்கக் கூடியவை. ஆதலால் சுழற்சி திரும்பி வந்தே ஆக வேண்டும். அந்தச் சுழற்சியில் 1 என்ற சேர்ப்பெண் தவறாமல் இடம்பெறும். இவற்றை அவர் படிப்படியாக நிறுவினார். லாக்ராஞ்சு பயன்படுத்திய வழக்கமான தொடர் பின்னத்திலிருந்து வேறான ஒரு தொடர் பின்னம் சக்கரவாளத்துக்குள் இயங்குகிறது என்பதையும் காட்டினார். துணை எண்ணின் வர்க்கம் பிரகிருதிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்ற பழைய விதியே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். 1975இல் பின்லாந்து நாட்டு அறிஞர் கிளாஸ்-ஓலோஃப் செலேனியஸ் இந்த ஆய்வை மேலும் முன்னெடுத்தார்.

கிருஷ்ணசுவாமி ஐயங்காரின் பெயர் கணிதத் துறைக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை. மொழியியல் மாணவர்கள் அவருடைய மகனை நன்கு அறிவார்கள்: 1929இல் மைசூரில் பிறந்து, சிகாகோவில் பேராசிரியராக இருந்து, குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்ற ஏ. கே. ராமானுஜன். இந்தியச் சிந்தனைமுறை என ஒன்று உண்டா என்று வினவும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, வானியலையும் சோதிடத்தையும் ஒருங்கே போற்றிய தந்தையின் சித்திரத்தைத் தருகிறது. மகன் சங்கச் செய்யுளை இக்கால வாசகரிடம் சேர்த்தார். தந்தை, ஒரு வடமொழி நூற்பாவில் நிறுவலின்றி நின்ற முறையை இக்காலக் கணித மொழிக்குக் கொண்டு சேர்த்தார். இரண்டுமே மூலத்துக்கு உண்மையாக இருந்துகொண்டு வேறொரு காலத்தின் கேள்விக்கு விடை சொல்லும் பணிகள்.

இந்த வரலாற்றிலிருந்து நேர்மையாக எவற்றைக் கோரலாம்? 628க்குள் பாவனை என்ற இணைப்பு விதி இந்தியாவில் இருந்தது. எண் கோட்பாட்டின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாக அது இன்றும் பயன்படுகிறது. 1073க்குள் எந்தப் பிரகிருதிக்கும் செல்லும் பொதுமுறை இருந்தது. 1150இல் அம்முறையால் 61க்கு விடை எழுதப்பட்டிருந்தது. இவற்றை மறுக்க இடமில்லை. முறை எப்போதும் முடியும் என்பதன் நிறுவல் அந்நூல்களில் இல்லை. ஃபெர்மா கேட்டது அந்த நிறுவலையே. சமன்பாட்டுக்கு அதனை முதலில் எழுதியவர் லாக்ராஞ்சு. சக்கரவாளத்துக்கு அதனை எழுதியவர் கிருஷ்ணசுவாமி ஐயங்கார். இவற்றையும் மறுக்க இடமில்லை. முதல் வரிசையை மட்டும் சொல்பவர் பிந்தியவர்களின் உழைப்பை மறைக்கிறார். இரண்டாம் வரிசையை மட்டும் சொல்பவர், நிறுவல் பிறப்பதற்கு முன் நிறுவத்தக்க ஒரு முறை பிறந்திருக்க வேண்டும் என்பதை மறக்கிறார்.

1,76,63,19,049 என்ற எண் எவருக்கும் சொந்தமில்லை. எவர் கணக்கிட்டாலும் அதுவே வரும். அதை அடையும் முறைக்கு மட்டும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்: மேற்கோளை முழுமையாக எடுத்தெழுதிய ஓர் உரையாசிரியர், மடம் கட்டிய ஒரு பேரர், வேற்று மொழியில் ஆக்கிய ஒரு மொழிபெயர்ப்பாளர், சுவடியைப் பொறுமையாகப் படித்த ஓர் ஆய்வாளர், பழைய விதியை ஐயத்தோடும் மதிப்போடும் சோதித்த ஒரு கல்லூரி ஆசிரியர். இவர்களுள் ஒருவர் தவறியிருந்தாலும் வரலாற்றின் ஒரு பக்கம் நமக்குக் கிடைத்திராது. 'கூறினர்' என்ற வினை பன்மையில் நிற்கிறது. எழுவாயாக இதுவரை அறியப்பட்டவர் ஜெயதேவர் ஒருவரே. எஞ்சியவர்களின் பெயர்கள் இன்னும் படிக்கப்படாத சுவடிகளுள் எதிலேனும் இருக்கலாம்.